ஒரு பையன், ஒரு பல்லாங்குழி, இருபது நிமிடம்

கேள்வி:

என் மகனுக்கு எட்டு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் கொடுத்து, இப்போது சாதாரணப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பேச்சு நன்றாக வந்துவிட்டது. படிப்பும் பரவாயில்லை. ஆனால் ஒரு நண்பன்கூட இல்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் விளையாடும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பான். திடீரென்று நடுவில் ஓடி, "வைகை 12635, பாண்டியன் 12637" என்று ரயில் நம்பராகச் சொல்வான். அவர்கள் "ரயிலு வந்துட்டான்டா" என்று சிரிப்பார்கள். போன மாதம் கிரிக்கெட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மாடியிலிருந்து பார்த்தால், சாக்கடையில் விழுகிற பந்தை எடுத்துத் தர மட்டும் இவனை வைத்திருக்கிறார்கள். சண்டை போட்டுக் கூட்டி வந்துவிட்டேன். அதிலிருந்து அவனை வெளியே விடுவதில்லை. டீச்சர் "கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குங்க" என்கிறார். என் கொழுந்தனார் "கூட்டத்துல விடுங்க அண்ணி, தானா பழகிடுவான்" என்கிறார். மற்ற அம்மாக்களிடம் இவனுக்கு ஆட்டிசம் என்று சொல்லலாமா? அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறது. யாரைக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில் (சிறப்புக் கல்வியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சாக்கடைப் பந்து வரியை மூன்று தடவை படித்தேன். மாடியிலிருந்து அதைப் பார்த்த உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. நானாக இருந்தாலும் இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. பந்தை எடுத்துக் கொடுக்கும்போது அவன் முகம் எப்படி இருந்தது?

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக விளையாடிய காலத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு ஏற்பாடு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அக்கா பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்று வயதுத் தம்பியை விரட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அவனும் எல்லோருடனும் ஓடுவான். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது. சப்பாணி என்ற சொல் ஊனத்தைக் கேலி செய்கிற சொல், இன்றைக்கு நான் அதை எந்தப் பிள்ளை முன்னாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். எந்தப் பெரியவரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. இன்னும் விளையாடத் தெரியாதவனுக்காக விதியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள நம் தெருக்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

உங்கள் தெருவில் நடந்தது அதுவா, இல்லை வெறும் எடுபிடி வேலையா என்று பார்க்க ஒரே கேள்விதான் இருக்கிறது: அவனுக்கும் பேட்டிங் வந்ததா? வரவில்லை என்றால் நீங்கள் கூட்டி வந்தது சரி. ஆறு பந்து அவனுக்கும் உண்டு, அதில் அவுட் கிடையாது என்று வைத்துக்கொண்டால், பந்தெடுக்கும் வேலையை அவனும் செய்துவிட்டுப் போகட்டும். யாராவது ஒருத்தன் சாக்கடையில் கைவிட்டுத்தானே ஆக வேண்டும்.

ஆனால் கிரிக்கெட்டில் ஆரம்பிக்க வேண்டாம். தெருக் கிரிக்கெட்டைப் போல சிக்கலான விளையாட்டு வேறு இல்லை. ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்பது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சுவரில் பட்டால் ரெண்டு ரன், அந்த மாமா வீட்டுக்குள் போனால் அவுட். முதல் பந்து டிரையல் என்பதை பேட் வைத்திருப்பவன் கத்திச் சொன்னால்தான் உண்டு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகனுக்கு அதைச் சொன்னால்தான் தெரியும். கூடவே எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பது விருப்பம் இல்லாததால் இருக்காது. எந்த இடத்தில் உள்ளே நுழைவது என்று தெரியாமல் நிற்கிறான். ஒருநாள் துணிந்து ஓடி, தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சரக்கு எதுவோ அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். வைகை 12635.

உங்கள் கொழுந்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கிணற்றில் நீச்சல் பழக்கும்போதுகூட நம் ஊரில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் இறக்குவார்கள், மாமாவோ சித்தப்பாவோ தண்ணீரில் நிற்பார். கூட்டத்தில் விட்டுப் பழகிய ஆட்டிசப் பிள்ளை என்று என் இருபது வருட வேலையில் ஒருவரையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் விட்டுப் பயந்து, பிறகு பள்ளிக்கூட வேனைப் பார்த்தாலே அழ ஆரம்பித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரே ஒரு பிள்ளையிடம். அது தெருவின் கேப்டனாக இருக்க வேண்டாம். அவனுக்குப் பின்னால் ஆறு பேர் இருப்பார்கள், அவர்களைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. உங்கள் மகன் ரயில் நம்பர் சொன்னபோது எல்லோரும் சிரித்திருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் மட்டும் "பாண்டியன் நம்ம ஊருக்கு எத்தனை மணிக்குடா வரும்?" என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளையைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு வயது மூத்த பெண் பிள்ளையாகவோ, ஒரு வகுப்பு கீழே படிக்கும் பையனாகவோ இருக்கும். அந்த வீட்டு அம்மாவிடம் பேசி, சனிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிடத்துக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் வேண்டாம்.

அந்த இருபது நிமிடத்துக்கு நான் முதலில் சொல்வது பல்லாங்குழி. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினான்கு குழி, புளியங்கொட்டை, குழிக்கு ஐந்து. கையில் கொட்டை இருக்கும்வரை உன் முறை. தீர்ந்து, அடுத்த குழியும் காலியாக இருந்தால் அதற்கடுத்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும், பிறகு எதிராளி முறை. யார் முறை என்பதில் சண்டைக்கே இடமில்லை, கண்ணெதிரே தெரிகிறது. இரண்டு பேரும் பலகையைத்தான் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே எதிராளி போடுவதையும் கவனிக்க வேண்டும். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வைப்பதற்குத்தான் நாங்கள் தெரபி அறையில் மாதக்கணக்கில் பாடுபடுகிறோம். ஒரு பையன், பேசவே மாட்டான், எதிரே இருந்த பெண் பசுவைப் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று தாங்க முடியாமல், அவள் குழியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அவளுக்குச் சேர வேண்டியதை அவளுக்கு எடுத்துக் கொடுத்தான். அன்று நான் வேறு பாடம் எதுவும் நடத்தவில்லை.

உங்கள் மகனுக்கு எண் பிடிக்கும் என்பதால் இது ஒட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை வருவதற்கு முன் இரண்டு வாரம் நீங்கள் அவனோடு ஆடுங்கள். விதியைவிடத் தோற்பதைப் பழக்குவதுதான் முக்கியம். முதலில் நீங்கள் தோற்றுப் போங்கள். "சே, தோத்துட்டேன். சரி, அடுத்த ஆட்டம் பாத்துக்கலாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், தினமும் அதே வார்த்தைகளில். நாலாம் நாள் அவன் தோற்கட்டும், இரண்டு மூன்று கொட்டை வித்தியாசத்தில். அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வரும். வராமல் பலகையைக் கவிழ்த்தால், பேசாமல் கொட்டைகளைப் பொறுக்குங்கள். உபதேசம் வேண்டாம். மறுநாள் மறுபடி.

சனிக்கிழமை வந்துவிட்டது. நடக்கப் போவதை முன்கூட்டியே அவனிடம் வரிசையாகச் சொல்லிவிடுங்கள்: ரெண்டு ஆட்டம், அப்புறம் முறுக்கு, அப்புறம் அவ வீட்டுக்குப் போயிடுவா. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது. நடுவில் அவனுக்குத் தாங்கவில்லை என்றால் சொல்ல ஒரு வாக்கியம் கொடுத்து வையுங்கள்: "எனக்குப் போதும்." அதைச் சொன்னால் ஆட்டம் அத்தோடு முடிந்தது, யாரும் கெஞ்சக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் கீரை ஆய்ந்துகொண்டு இருங்கள். "சிரிடா, அவளைப் பாருடா, தேங்க்ஸ் சொல்லுடா" என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்துக் கொடுத்தால், வந்த பிள்ளை உங்களோடுதான் விளையாடிவிட்டுப் போகும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்போதே முடித்துவிடுங்கள். அடுத்த வாரமும் அதே பிள்ளை, அதே நேரம், அதே முறுக்கு.

நாலைந்து வாரம் போனபின் அவனுடைய ரயிலை உள்ளே கொண்டு வாருங்கள். ஒரு சார்ட் பேப்பரில் தாயக்கட்டம் போல அவர்கள் இருவருமே ஒரு பாதை வரையட்டும்: எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை. சிக்னல் விழாத கட்டத்தில் ஒரு முறை நிற்க வேண்டும். தெருவில் ரயில் நம்பர் சொன்னால் சிரிப்பு, இங்கே அது தெரிந்தவன்தான் ராஜா. ரயில் பேச்சை நிறுத்தச் சொல்லிப் பழக்காதீர்கள். டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர், தன்னிடம் வந்த ஆட்டிசப் பையன்கள் இரண்டு பேர், இருவரும் லெகோ கொண்டு வந்திருந்ததால், காத்திருக்கும் அறையிலேயே ஒட்டிக்கொண்டதைப் பார்த்தார். அதிலிருந்தே லெகோ வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி 2004ல் ஆய்வாக வெளியிட்டார். லெகோ விலைக்குப் புளியங்கொட்டை எவ்வளவோ மேல். விஷயம் ஒன்றுதான்: பிடித்த பொருள் நடுவில் இருந்தால் பேச்சு அதைச் சுற்றி வரும்.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றி. டீச்சரிடம் மரியாதையோடு சொல்லுங்கள், அது இப்போது வேண்டாம் என்று. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பார்ப்பதா, கேட்பதா, ஒன்றுதான் முடியும் என்றால் கேட்கட்டும். பேசுகிறவர் பக்கம் உடம்பைத் திருப்பினால் போதும்.

இந்த விஷயத்தில் நானும் தப்புச் செய்தவள்தான். வேலையில் சேர்ந்த புதிதில் 'சோஷியல் ஸ்கில்ஸ் வகுப்பு' என்று ஒன்று நடத்தினேன். "புதுசா ஒருத்தரைப் பார்த்தா, கண்ணைப் பார்த்து, சிரிச்சு, உன் பேர் என்னன்னு கேக்கணும்." ஒரு பையன் அச்சுப் பிசகாமல் கற்றுக்கொண்டான். எனக்கு அவ்வளவு பெருமை. பள்ளியில் தன் பக்கத்து பெஞ்ச் பையனிடம் தினமும் காலையில் போய் முறைத்துப் பார்த்து, பல்லைக் காட்டி, "உன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறான். முதல் வாரம் அந்தப் பையன் பதில் சொன்னான். இரண்டாவது வாரம், "நேத்துதானே சொன்னேன், லூசாடா?" மூன்றாவது வாரம் இடம் மாற்றிக்கொண்டான். நான் பையனுக்கு வசனம் கொடுத்தேன். பக்கத்து பெஞ்சுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை.

இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கோனி கசாரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் 60 ஆட்டிசப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012ல் வெளிவந்தது. சிலருக்கு நேரடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். சிலர் விஷயத்தில், அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அவர்களின் வகுப்புத் தோழர்களுக்கு, ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு வாரம்தான். தோழர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வகுப்புகளில்தான் பலன் அதிகம். அந்தப் பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் தனியாக நிற்பது குறைந்தது, மற்றவர்கள் தங்கள் நண்பர் பட்டியலில் இவர்கள் பெயரைச் சொல்வது கூடியது.

அதனால் தெருப் பிள்ளைகளிடம் நீங்கள் பேச வேண்டும். சண்டை போட்ட இடத்திலேயே கடலை மிட்டாயோடு போய் நில்லுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லே வேண்டாம். "அவனைக் கூப்பிட்டா முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, அதுக்கப்புறம்தான் பதில் வரும். ரூல் மாறினா அவன்கிட்ட தனியா ஒரு தடவை சொல்லுங்க. ரொம்பக் கத்தினா அவனுக்குக் காதுக்குள்ள குத்தும், காதைப் பொத்தினான்னா கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க." இவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் காரணம் புரிந்தால் போதும், பெரியவர்களைவிட வேகமாக மாறுவார்கள். எல்லோரும் மாற மாட்டார்கள். எட்டில் இரண்டு பேர் மாறினாலே போதும்.

'ரயிலு' என்ற பட்டப்பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கும். நெட்டை, குண்டு, சோடாபுட்டி எல்லாம் இருக்கிற தெருவில் ரயிலும் இருக்கலாம். "ரயிலு, வாடா பேட்டிங்" என்று வந்தால் விட்டுவிடுங்கள். "ரயிலு வர்றான், ஓடுங்கடா" என்று வந்தால் அது வேறு, அதைப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். எது எது என்று அவனால் சில சமயம் பிரித்துப் பார்க்க முடியாது. கேலி செய்கிறவனையே நண்பன் என்று நம்புகிற பிள்ளைகள் உண்டு. அதனால் அவனிடம் "யாராவது கிண்டல் பண்ணாங்களா?" என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்றுதான் வரும். "இன்டர்வல்ல எங்க நின்ன? பக்கத்துல யாரு? அவன் என்ன சொன்னான்? நீ என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். சினிமா மாதிரி காட்சி காட்சியாகச் சொல்லிவிடுவான்.

மற்ற அம்மாக்களிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை வருகிற பிள்ளையின் அம்மாவிடம் சொல்லுங்கள், இன்னும் ஒருவரிடம் வேண்டுமானால். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், உங்கள் மகன். எட்டு வயதில், இவ்வளவு பேச்சு வந்த பிள்ளைக்கு இது புரியும். "உன் மூளை வேற மாதிரி வேலை செய்யுது. ரயில் நம்பர் நல்லா நிக்கும், சத்தம் ஜாஸ்தியாக் கேக்கும், மத்தவங்க மனசுல நினைக்கிறது சட்டுன்னு புரியாது. இதுக்கு ஆட்டிசம்னு பேரு." அந்தச் சொல்லை அவன் முதன்முதலில் உங்கள் வாயால் கேட்கட்டும். கேட்டுக்கு வெளியே யாரோ சொல்லித் தெரிய வேண்டாம்.

பள்ளியிலும் இடைவேளைதான் அவனுக்குக் கஷ்டமான பாடவேளை. வகுப்பாசிரியரிடம் இரண்டு உதவி கேளுங்கள்: நல்ல சுபாவம் உள்ள ஒரு பிள்ளையின் பக்கத்தில் இடம், இடைவேளையில் கேரம் போர்டோ செஸ்ஸோ இருக்கிற ஒரு மூலை. தயங்காமல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இவர்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. சட்டத்தை மேஜையில் தூக்கிப் போட வேண்டாம், உங்கள் மனதில் இருந்தால் குரல் தானாக நிமிரும்.

இன்னொன்று. தெரபி சென்டரில் இவன் வயதில், இவனைப் போலவே ஒரு பிள்ளை இருக்கிறதா என்று விசாரியுங்கள். 'நார்மல் பிள்ளைகளோடு சேர்ந்தால்தான் முன்னேறுவான்' என்று பெற்றோர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். கேத்தரின் க்ரோம்ப்டன் என்பவரும் சகாக்களும் 2020ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களை வைத்து, காதோடு காது கதை சொல்லும் விளையாட்டுப் போல ஒன்றை நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசையில் போன அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவரையும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. ஆக, பேச்சு அறுந்துபோவதற்கு உங்கள் மகன் மட்டும் காரணம் இல்லை. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள். பஸ் ரூட் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு பையன் கிடைத்தால் உங்கள் வீட்டில் கதையே வேறு.

பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அவனை யாரும் எதற்கும் கூப்பிட வேண்டாம். பகல் முழுக்க முப்பது நாற்பது பேர் நடுவில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறான். அதற்கு மேல் 'போய்ப் பழகு' என்றால் வெடிப்பான். வாரத்தில் ஒரு சனிக்கிழமை இருபது நிமிடம், மூன்று மாதம் கழித்து இரண்டு நாள். இந்த வேகத்தில் போகட்டும்.

கடைசியாகப் பிறந்தநாள். தெருவையே கூப்பிட வேண்டாம், பலூன் வேண்டாம், கேக் வெட்டும்போது எல்லோரும் கைதட்டிக் கத்துவது கண்டிப்பாக வேண்டாம். அந்தச் சனிக்கிழமைப் பிள்ளையையும், முடிந்தால் இன்னொருவரையும் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ஜங்ஷனுக்குப் போங்கள். வீட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், ஹாரன் அடித்தால் காதில் வைத்துக்கொள்ளலாம். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம் என்று நீங்கள் எதையும் பார்த்துவைக்க வேண்டாம். வந்திருக்கும் பிள்ளைகள் அவனையே கேட்கட்டும்.